நோக்கம் தெரிந்த பிறகுதான் வாழ ஆரம்பிக்க வேண்டுமா?

2024 நவம்பர் 8 – கேள்வி (அருமனைக்காரன்)

எனக்கு 26 வயது. நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சம்பளம் மோசமில்லை, படிப்புக் கடன் இன்னும் ஓடுகிறது. காலையில் எழுந்தால் எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்றே தெரியவில்லை. தன் வாழ்க்கையின் நோக்கம் என்னவென்று தெரியாதவன் எவ்வளவு சம்பாதித்தாலும் அது வீண் என்பது என் கருத்து. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் எங்கேயாவது போய் நோக்கத்தைத் தேடலாம் என்றிருக்கிறேன். அப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 9

தம்பி, வேலையை விட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நான் நர்ஸ். திங்கள்சந்தைப் பக்கம். வளைகுடாவில் பல வருடம் ஐசியூவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி இப்போது ஒரு டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், டியூப் மாற்றுவேன், வீட்டாருக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பேன். அதற்குப் பணம் வாங்குவதில்லை. எதற்காக நீ இருக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் காட்டுவேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் இதை நான் தேடிப் போகவில்லை. லீவில் வந்திருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முதுகின் அடிப்பக்கம் புண் வைத்துவிட்டது, வந்து ஒரு தடவை பார் மக்ளே என்று கூப்பிட்டார்கள். போனேன். கை நுழையும் அளவு புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் வந்தே இருக்காது, அந்த வீட்டில் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளைகுடாவில் இருந்த காலம் முழுக்க அந்தத் தெருதான் மனதில் ஓடியது.

நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு சாமர்வெல் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் நல்ல எதிர்காலம் இருந்த அறுவை மருத்துவர், மலையேறி. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே இறங்கியவர் நெய்யூரைப் பார்த்தார், அப்போது அது திருவிதாங்கூர். வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு அங்கே இருந்த மருத்துவர்கள் போதவே போதாது. இங்கிலாந்துக்குப் போய் லண்டன் வாய்ப்பைக் கைவிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு நெய்யூர், அதற்குப் பிறகு வேலூர்.

அவர் என் நோக்கம் என்ன என்று உட்கார்ந்து யோசித்து நெய்யூருக்கு வரவில்லை. சுற்றிப் பார்க்க வந்தார். கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: நம்மால் தாண்டிப் போக முடியாத ஒரு தேவை, அதைச் செய்யக் கையில் ஒரு பழக்கம், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கிற வரைக்கும் நோக்கம் பற்றி எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் கிடைக்காது. வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளோ ஆசிரமத்திலோ உட்கார்ந்தால் அந்தச் சந்திப்பு நடக்க வழியே இல்லை.

நவம்பர் 9, இரவு

தேவை என்றதும் நோயாளி, ஏழை, அனாதை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லாமல் போய்விடும் என்று பயந்து சிறு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்குகிறார் ஒரு தபால்காரர். அதுவும் தேவைதான். அவரைப் பார்த்தால் அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே பேசுவார்.

நவம்பர் 11

"குமரி முனைப் பாறையில் விவேகானந்தர் உட்கார்ந்து தியானித்துத்தானே தன் பணியைக் கண்டார், நீங்கள் யோசிப்பதால் பயனில்லை என்கிறீர்களே" என்று கேட்டவருக்கு.

நல்ல கேள்வி, அந்தப் பாறையை வைத்தே பதில் சொல்லலாம். அவர் 1892 டிசம்பரில் அங்கே இருந்தது மூன்று நாள். அதற்கு முன்னால் பல வருடம் வடக்கிலிருந்து தெற்கு வரை நாடு முழுக்க அலைந்திருக்கிறார், ராஜா வீட்டிலும் தங்கியிருக்கிறார், தெருவோரத்திலும் படுத்திருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார். நாட்டின் கடைசி முனைக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் மனதில் நினைக்க அத்தனை முகங்கள் இருந்தன. மூன்று நாளில் கிடைத்தது அந்த வருடங்களின் பலன். அலைச்சலை விட்டுவிட்டு மூன்று நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்குக் கடல் காற்று கிடைக்கும், நல்லதுதான், நானும் மனது சரியில்லாதபோது போவேன்.

உட்கார்ந்து யோசிப்பதை நான் தள்ளவில்லை. முதலில் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் உட்கார வேண்டும் என்கிறேன்.

நவம்பர் 18

ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "நோக்கம் எல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டுகிறவனிடம் போய் உன் நோக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்."

கேட்க வேண்டிய அவசியமில்லை, நான் அப்படிப்பட்ட ஒருவரின் மகள். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் என் அப்பா பால் வெட்டினார். இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆனி ஆடியில் வீட்டில் கஞ்சியும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும்தான்.

நோக்கம் என்று ஒரு நாளும் அவர் பேசியதில்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, கொஞ்சம் குறைந்தால் பால் வராது, கொஞ்சம் கூடினால் உள்ளே தடியில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அந்த இடத்தில் வெட்டவே முடியாது. அவசரமாக வெட்டினால் அன்றைக்கு நிறைய மரம் முடிக்கலாம், முதலாளிக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அப்பா காயம் படாமல் வெட்டுவார். அவர் வெட்டிய மரத்தைத் தொட்டுப் பார்த்தால் பட்டை வழவழவென்று மூடியிருக்கும், வேறு ஆள் வெட்டியது தடவினாலே தெரிந்துவிடும். அந்த மரம் அவருடையதில்லை, கூடுதல் கூலியும் கிடையாது. இதற்குப் பெயர் நோக்கம் இல்லையென்றால் எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

நவம்பர் 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் அண்ணன் போன் செய்தான். அப்பாவின் கஷ்டத்தை அழகாக்கி வைத்துவிட்டாயே, தன் பிள்ளைகள் யாரும் அந்தக் கத்தியைத் தொடக் கூடாது என்பதுதானே அவருடைய ஒரே ஆசை என்றான். அதுவும் உண்மைதான், அதையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். என்னை நர்சிங் படிக்க வைக்க அவர் வாங்கிய கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்தன. வேலையை நேர்த்தியாகச் செய்தார், அந்த வேலையிலிருந்து எங்களை வெளியே கொண்டுவரவும் பாடுபட்டார். எது அவருடைய நோக்கம் என்று கேட்டால் பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருப்பார். மரத்தை நான் சொல்கிறேன், பிள்ளைகளை அண்ணன் சொல்கிறான். ஒரு மனிதனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நவம்பர் 30

ஒக்கி புயல் அடித்து இன்றோடு ஏழு வருடம். 2017இல் இதே நாள். கடற்கரை ஊர்களில் இன்று பூசை வைத்திருப்பார்கள்.

எங்கள் பிரிவுக்கு வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஊரும் பெயரும் சொல்லமாட்டேன், ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகும் ஊர்களில் ஒன்று. அந்தப் படகுகள் கரையை விட்டால் திரும்ப வாரக் கணக்கில், சில சமயம் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். சிறுநீரகம் போய்விட்டால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். ஆக ஒரே நாளில் கடல் முடிந்துவிட்டது அவருக்கு. ஃபிஸ்டுலா, அதாவது மெஷினுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஆபரேஷன், போட்ட கையால் கனம் தூக்கக் கூடாது, எனவே கரையிலும் பாதி வேலை முடிந்துவிட்டது. வந்த புதிதில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு. நம் ஊரில் எதை நீட்டினாலும் அதில் பொட்டாசியம் இருக்கிறது. வாழைப்பழத்தில் மட்டி கூடாது, ஏத்தன் கூடாது, இளநீர் கூடவே கூடாது. மரச்சீனியைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொஞ்சம் சாப்பிடலாம், அதை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்த அன்றுதான் அவர் முதலில் சிரித்தார்.

இப்போது அவர் வீட்டில் ஒயர்லெஸ் செட் இருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அதன் முன்னால் உட்கார்ந்து, வானிலை எச்சரிக்கை எதுவானாலும் எட்டுகிற படகுக்குச் சொல்லி, அந்தப் படகை அடுத்ததற்குச் சொல்ல வைக்கிறார். ஒக்கியின்போது முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவருடைய சொந்தக்காரர்களும் அதில் உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் போனில் காற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். போன மாதம் ஒரு டிரெயினி பெண் ஏன் அண்ணாச்சி தூங்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பயலுவ வெளிய கெடக்கானுவ, எனக்கு எப்பிடி ஒறக்கம் வரும்" என்றார்.

அருமனைத் தம்பி, இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், அவருடைய நோக்கம் மீன் பிடிப்பது என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். மீன் பிடிப்பது போன பிறகுதான் அதற்கு அடியில் இருந்தது வெளியே தெரிந்தது: கூடப் போனவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். கடலில் இருந்த காலத்திலும் அவர் அதைத்தான் செய்திருக்கிறார், அவர் படகில் போனவர்கள் சொல்கிறார்கள். உன்னுடைய வேலைக்கு அடியிலும் ஏதாவது இருக்கலாம். யாருக்காவது நீ எழுதிய மென்பொருள் சரியாக ஓடியதால் ஒரு நாள் நிம்மதியாகப் போயிருக்கும், அது உனக்குத் தித்தித்ததா, ஒன்றுமே தோன்றவில்லையா? முதலில் அதைப் பார்.

டிசம்பர் 4

நேற்று கோட்டாறு சவேரியார் திருவிழா, தேர் பார்த்துவிட்டு வந்து படித்தேன். கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் நீளமாக எழுதியிருக்கிறார், சாரம் இது: "நோக்கம், சேவை, அர்ப்பணிப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மைக் குறைந்த சம்பளத்தில் கசக்குகிறார்கள். நீங்களும் அதையே எழுதுகிறீர்கள் அக்கா."

இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள், பாண்டு முடியும்வரை தரமாட்டார்கள். சம்பளம் அப்பாவின் பால் வெட்டுக் கூலியைவிடக் குறைவு. இரட்டை டியூட்டி பார்த்துக் கால் வீங்கி நிற்கும்போது மேட்ரன் வந்து விளக்கேந்திய சீமாட்டி நைட்டிங்கேலைப் பற்றிப் பேசுவார். நர்ஸ் தினத்தன்று ஆளுக்கொரு ரோஜாப்பூ. அன்றைக்கு ஊதியம் பற்றிக் கேட்டவளைப் பார்த்து உனக்கு இந்தத் தொழிலில் ஈடுபாடே இல்லை என்றார்கள். அவள் எங்கள் எல்லோரையும்விட நல்ல நர்ஸ்.

2016இல் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம் என்றும் பரிந்துரைத்தது. இதை எழுதுவதன் காரணம், தெரியாத பிள்ளைகள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். கேட்பது பேராசை கிடையாது.

அதனால் நான் திட்டமாகவே சொல்கிறேன்: உன் நோக்கம் என்ன என்பதை உன் முதலாளி சொல்லக் கூடாது. சொன்னால் அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பணம் வாங்காமல் போவது என் முடிவு. திங்கட்கிழமை எனக்குச் சேர வேண்டிய ஓவர்டைம் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்பேன், அதுவும் என் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. வளைகுடாவில் சம்பாதித்துக் கடனை அடைத்து வீட்டை ஓட்டுக்கூரையிலிருந்து மாற்றியதால்தான் என்னால் இன்று ஞாயிற்றுக்கிழமையை எனக்கென்று வைத்துக்கொள்ள முடிகிறது. பணத்துக்காக வெளிநாடு போனவள் என்று அந்த வருடங்களை யாரும் மட்டமாகப் பேச நான் விடமாட்டேன்.

டிசம்பர் 8

சாமர்வெல் பணக்கார வீட்டுப் பிள்ளை, அவரால் லண்டனை விட்டு வர முடிந்தது, நமக்கு அது ஆகுமா என்று ஒருவர். சரிதான், அவர் குடும்பம் கெண்டல் ஊரில் பெரிய செருப்புக் கம்பெனி நடத்தியது. அது கணக்கில் வராமல் போகாது.

ஆனால் அவரைப் பற்றி முதலில் எழுதியதில் இன்னும் இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, நெய்யூரைப் பார்த்த நாளில் எல்லாம் திடீரென்று நடந்துவிடவில்லை. முதல் உலகப்போரில், 1916இல், பிரான்சின் சொம் போர்க்களத்தில் அவர் அறுவை மருத்துவராக இருந்தார். கூடாரத்துக்கு வெளியே வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த பையன்களில் யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்த வேலை அது. நெய்யூர் வாசலில் கூட்டத்தைப் பார்த்தபோது அந்த மனம் ஏற்கெனவே பழுத்திருந்தது. ஐசியூ பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நெய்யூர்தான் தன் இடம் என்று முடிவான பிறகும் அவர் 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். ஆக்சிஜன் இல்லாமல், அதே குழுவில் இருந்த நார்ட்டனோடு 28,000 அடி அளவுக்கு ஏறினார். இறங்கும்போது பனியில் கருகிப்போன தொண்டைச் சதை அடைத்து மூச்சு நின்றுவிட்டது, நெஞ்சைத் தானே அமுக்கி அதைத் துப்பித்தான் உயிர் பிழைத்தார். வாழ்நாளெல்லாம் மலைகளை ஓவியமாக வரைந்தார், இசையில் பெரிய பிரியம். அதாவது நோக்கம் கிடைத்ததும் மற்ற ஆசைகளையெல்லாம் கழற்றி எறிந்தவர் இல்லை அவர். நம் ஆட்கள் நோக்கம் என்றதும் உடனே துறவைப் பிடித்துக்கொள்கிறோம், சினிமா பார்க்கக் கூடாது, நல்ல சேலை கட்டக் கூடாது என்று. எனக்கு இரண்டும் வேண்டும்.

டிசம்பர் 10

"ஒன்றை எடுத்தால் கடைசிவரை மாறக் கூடாதா?" என்றொரு கேள்வி. பூதப்பாண்டிக்காரரைப் பாருங்கள். ஜீவானந்தம், பிறந்தது 1907. காந்தியும் கதரும் என்று தொடங்கி, வைக்கத்தில் போராடி, பெரியாரின் சுயமரியாதை இயக்கம், காங்கிரசுக்குள் சோசலிஸ்டுகள், கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சி. கொடி எத்தனை தடவை மாறியிருக்கிறது! 1963இல் சாகும்வரை யாருக்காகப் பேசினார் என்பது மட்டும் மாறவில்லை. கோயில் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவன், கூலி கேட்டு அடி வாங்கியவன். ஆகவே வேலையோ அமைப்போ மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், யார் பக்கம் நிற்கிறோம் என்பது மாறினால்தான் யோசிக்க வேண்டும்.

டிசம்பர் 15

உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கும் டிலனாயைக் கொண்டுவந்திருக்கிறார் தக்கலை நண்பர். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களுக்காகச் சண்டை போட்டுப் பிடிபட்டவர், மார்த்தாண்டவர்மா படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியாகி 1777இல் இங்கேயே இறந்தார். இது நோக்கமா, பிழைப்பா?

பிடிபட்டவனுக்கு வேறு வழி என்ன இருந்திருக்கும், ஆரம்பம் பிழைப்புதான். ஆனால் ஒரு மனிதன் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ஊரின் கோட்டையையும் படையையும் கட்டிக்கொண்டிருந்தால், தொடக்கத்தில் அவன் விரும்பி வந்தானா என்பது ஒரு கட்டத்துக்கு மேல் முக்கியமில்லாமல் போய்விடும் என்று நினைக்கிறேன். மருமகளாக ஒரு வீட்டுக்குள் வந்த பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, தனிச் செய்தியில் சண்டை இன்னும் ஓடுகிறது.

2025 ஜனவரி 19

பொங்கல் கழிந்து அருமனைத் தம்பியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. வேலையை விடவில்லை. சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கியிருக்கிறார். முதலில் ஒரு குழுவோடு கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போயிருக்கிறார், நல்ல வேலைதான், ஆனால் அடுத்த வாரம் போகக் கால் வரவில்லை என்கிறார். பிறகு அவர் படித்த அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சும்மா கிடந்த கம்ப்யூட்டர்களைச் சரி பண்ணிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். "ஆனால் இதுதான் என் நோக்கமா என்று தெரியவில்லையே அக்கா, பெரிதாக ஒன்றும் உணரவில்லை" என்கிறார்.

உணர வேண்டியதில்லை தம்பி. எனக்கும் ஒவ்வொரு ஞாயிறும் உள்ளம் பொங்குவதில்லை, பாதி நாள் முதுகு வலிதான். வேறு சிலவற்றைப் பார். போட்டோ எடுக்க யாரும் வராத வாரத்திலும் போனாயா? பிள்ளைகளில் ஒருவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று உன் மனம் கேட்கிறதா? புதன்கிழமை ஆபீசில் இருக்கும்போது, அந்தப் பெண்ணுக்கு கம்ப்யூட்டர் பாடத்தில் லூப் புரியவில்லையே, வேறு எப்படிச் சொல்லலாம் என்று தானாக யோசிக்கிறாயா? நீ கடிதத்தில் மூன்று பிள்ளைகளைப் பற்றித் தனித்தனியாக எழுதியிருக்கிறாய், கடற்கரையைப் பற்றி ஒரு வரி. எனக்கு அதிலேயே பாதிப் பதில் தெரிந்துவிட்டது, ஆனால் நான் சொல்லி நீ நம்ப வேண்டாம், அந்த வகுப்பு பத்தாவது முடிக்கும்வரை செய்துவிட்டுச் சொல்.

அந்தச் சனிக்கிழமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. கல்யாண வீடு வரும், ரிலீஸ் என்று மேனேஜர் கூப்பிடுவார், கடனுக்காக இன்னொரு வேலை பார்க்கலாமே என்று தோன்றும். சில வாரம் தவறிப் போகட்டும், தொடர்ந்து தவறினால் அது உன் கையை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்துகொள். கடன் முடியட்டும், சேமிப்பு கொஞ்சம் ஆகட்டும், அப்போது முழு நேரமாக வேண்டுமா என்று பேசுவோம். தேவைப்படாமலும் போகலாம்.

ஜனவரி 20

சனிக்கிழமையே வேலை நாளாக இருப்பவர்கள் என்ன செய்வது என்று நாலைந்து பேர். ஷிப்டு வேலைக்காரி நான், எனக்கும் ஞாயிறு தானாக விடுமுறையாக வரவில்லை. வேறு யாரும் விரும்பாத நைட் டியூட்டிகளை எடுத்துக்கொண்டுதான் ஞாயிறை வாங்கினேன். எதையாவது கொடுக்காமல் அந்த நேரம் கிடைக்காது.

பிப்ரவரி 9

இந்த இழையில் வந்தவற்றிலேயே இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெயர் போட விரும்பாத ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: மாமனாருக்குப் பக்கவாதம், இரண்டு சின்னப் பிள்ளைகள், கணவர் வெளிநாட்டில். "நீங்கள் எல்லோரும் நோக்கம் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு நாளில் தலை சீவ நேரமில்லை. நான் பாட்டு டீச்சராக வேண்டும் என்று இருந்தவள்."

தங்கச்சி, நீங்கள் மாமனாரைப் பார்த்துக்கொள்வதே உங்கள் நோக்கம், பெரிய புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் நிறையப் பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போவார்கள், ஒருவரும் ஒரு வேளை வந்து உட்காரமாட்டார்கள். டிசம்பரில் ஆஸ்பத்திரி பற்றி எழுதினேனே, வீட்டுக்குள்ளும் அதே கதைதான் நடக்கிறது. நீங்கள் செய்வது கடமை, நன்றாகவும் செய்கிறீர்கள், அதற்கு மதிப்பு உண்டு. பாட்டு உங்களுடையது. ஒன்றை வைத்து இன்னொன்றை அடைத்துவிட வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்குத் தம்பி மார்த்தாண்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மூன்று மணி நேரம் அவர் வந்து தகப்பனாரைப் பார்க்க வேண்டும். கேட்கச் சங்கடமாக இருந்தால் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள், தயவு செய்து என்று சொல்ல வேண்டாம், அவருக்கும் அப்பாதான். அந்த மூன்று மணி நேரத்தில் துணி துவைக்காதீர்கள். தெருப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துப் பாட்டு ஆரம்பியுங்கள்.

மாமனாருக்கு: பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள், ராத்திரிக்குக் காற்று மெத்தை இருந்தால் உதவும், ஆனால் மெத்தை போட்டாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்கால் அடியில் தலையணை வையுங்கள். முதுகின் கடைசியிலும் இடுப்பு எலும்பிலும் தினமும் பாருங்கள், சிவந்து இருந்து விரலால் அமுக்கி எடுத்த பிறகும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் பாரமே படக் கூடாது, தேய்க்கவும் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வருவார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு.

உங்கள் ஊர் திங்கள்சந்தைக்கும் குளச்சலுக்கும் நடுவில் என்றால் வீட்டுக்கு வரும் வழியைத் தனிச் செய்தியில் எழுதுங்கள், வரும் ஞாயிறு வருகிறேன். சிவப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால் ஞாயிறுவரை வைக்காமல் இன்றைக்கே சொல்லுங்கள், டியூட்டி முடிந்து நேராக வந்துவிடுவேன்.